கேள்வித்தாளை நீட்டும் முன்: இளையோர் மனநலம் பற்றிய வாசகர் கேள்வி – பதில்

இளையோர் மனநலச் சேவை, அதை மேம்படுத்த நடக்கும் கூட்டாய்வுகள் ஆகியவை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஏழுக்கு இந்த முறை பதில் தருகிறோம்.

கேள்வி: எங்கள் பள்ளியில் 13 முதல் 17 வயது வரை 600 மாணவர்கள் படிக்கிறார்கள். ஆலோசகர் நான் ஒருத்திதான். எல்லோருக்கும் மனச்சோர்வுக் கேள்வித்தாள் கொடுத்து ஆய்வு செய்யலாம் என்று ஒரு பல்கலைக்கழக உளவியல் துறை கேட்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கடைசியிலிருந்து தொடங்குங்கள். மதிப்பெண் கூடுதலாக வந்த மாணவரைக் கூப்பிட்டு யார் பேசுவார், எப்போது பேசுவார், அவருக்கு மேல்சிகிச்சை வேண்டுமென்றால் எங்கே அனுப்புவார்? இந்த மூன்றுக்கும் பெயரும் நேரமும் எழுதிய பிறகுதான் கேள்வித்தாளை அச்சடிக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 600 பேரில் 100க்கு 8 பேர் என்ற கணக்கில் 48 பேருக்கு உண்மையிலேயே மனச்சோர்வு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கேள்வித்தாள் அவர்களில் 100க்கு 80 பேரைச் சரியாகப் பிடிக்கிறது. பாதிப்பில்லாதவர்களில் 100க்கு 85 பேரைச் சரியாக விலக்குகிறது. கேட்க நல்ல கருவியாகத்தான் தெரியும். ஆனால் பட்டியலில் வந்து நிற்பவர்கள் எத்தனை பேர்? பாதிப்புள்ள 48இல் 38 பேர். பாதிப்பில்லாத 552இல் 83 பேர். மொத்தம் 121. பட்டியலில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களுக்கே உண்மையில் பிரச்சினை. யார் யாருக்கு என்பது நேரில் பேசினால்தான் தெரியும். ஒருவருக்கு முக்கால் மணி நேரம் என்றால் 91 மணி நேரம். வாரம் 10 மணி நேரம் ஒதுக்கினாலும் ஒன்பது வாரம் ஓடிவிடும். பட்டியலின் கடைசியில் இருக்கும் பிள்ளை, தன் கஷ்டத்தை எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டு மாதம் காத்திருக்கும். ‘எழுதினேன், ஒருவரும் வரவில்லை’ என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்வது, கேட்காமலே விட்டிருப்பதைவிட மோசமானது.

அதனால் 600 பேருக்கும் ஒரே நாளில் கொடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். வாரத்துக்கு ஒரு வகுப்பு போதும். 40 பேர் எழுதினால் இதே கணக்குப்படி எட்டுப் பேர் வருவார்கள், ஆறு மணி நேர வேலை, உங்களால் முடியும். பல்கலைக்கழகம் அவசரப்பட்டால், பேசுவதற்கு அவர்களிடமிருந்து பயிற்சி பெற்ற இருவரை அனுப்பச் சொல்லுங்கள். அதை வாய்ப்பேச்சாக விடாமல் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

இன்னொன்று, மிக முக்கியம். பிஎச்க்யூ-9 என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாளில் ஒன்பதாவது கேள்வி, கடந்த இரண்டு வாரத்தில் செத்துப்போனால் நல்லது என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வந்ததா என்று கேட்கிறது. வழக்கமாகத் தாள்களைக் கட்டாகக் கட்டி எடுத்துப்போவார்கள். மூன்று வாரம் கழித்து ஒரு மாணவர் உட்கார்ந்து கணினியில் ஏற்றுவார். அப்போதுதான் அந்த வரியில் ‘ஏறக்குறைய தினமும்’ என்ற கட்டத்தில் டிக் இருப்பது தெரியவரும். இதை அனுமதிக்கவே கூடாது. தாளை வாங்கும்போதே ஒருவர் ஒன்பதாவது வரியை மட்டும் பார்த்துத் தனியே எடுத்து வைக்க வேண்டும். ‘இல்லவே இல்லை’ என்ற பூஜ்யக் கட்டத்தைத் தவிர எதில் டிக் இருந்தாலும், அந்த மாணவர் பள்ளியை விட்டுப் போவதற்குள் ஒரு பெரியவர் தனியாக உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். இதற்காகவே கேள்வித்தாளை முதல் பாடவேளையில் கொடுங்கள். கடைசிப் பாடவேளை வேண்டாம், வெள்ளிக்கிழமையும் வேண்டாம்.

பெயர் எழுதச் சொல்வதா என்ற கேள்வியும் வரும். பெயரில்லாமல் வாங்கினால் உண்மை கூடுதலாக வரும், ஆனால் யாருக்கும் உதவ முடியாது. பெயரோடு வாங்கினால் உதவலாம், சிலர் மறைப்பார்கள். இரண்டில் எதையும் தேர்ந்தெடுக்கலாம்; எதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதை மாணவர்களிடம் மறைக்கக் கூடாது. ‘பெயர் வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு மூலையில் ரகசிய எண் அச்சடிப்பது ஏமாற்று வேலை. ஒரு மாணவர் கண்டுபிடித்தால் போதும், பள்ளி முழுக்க நம்பிக்கை போய்விடும்.

பரிசோதிப்பது ஒன்றுதான் வழி என்பதும் இல்லை. 2015இல் வெளியான செய்லே ஆய்வு, ஐரோப்பாவின் 10 நாடுகளில் 168 பள்ளிகளைச் சேர்ந்த 11,110 மாணவர்களிடம் மூன்று முறைகளை ஒப்பிட்டது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி ஒன்று. கேள்வித்தாள் வைத்துப் பரிசோதித்து அனுப்புவது ஒன்று. மாணவர்களே நடித்துப் பார்த்துப் பேசிக் கற்கும் வகுப்பு ஒன்று. நான்கு வாரத்தில் மொத்தம் ஐந்து மணி நேரம் நடந்த அந்த வகுப்புதான், ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது புதிதாக நடந்த தற்கொலை முயற்சிகளைக் குறைத்திருந்தது. சுவரொட்டி மட்டும் ஒட்டிய ஒப்பீட்டுப் பள்ளிகளில் 2,256 பேரில் 34 பேர். வகுப்பு நடந்த பள்ளிகளில் 1,987 பேரில் 14 பேர். மற்ற இரண்டு முறைகளிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. இந்த முடிவைப் பல்கலைக்கழகத்தாரின் முன்னே வைத்து, ‘நாம் எதை ஆராயலாம்?’ என்று நீங்களே பேச்சைத் தொடங்கலாம்.

கேள்வி: தற்கொலையைப் பற்றிக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைப்பது போல ஆகாதா?

பதில்: ஆகாது. 2005இல் வெளியான ஓர் ஆய்வில் நியூயார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த 2,342 மாணவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு முதல் கேள்வித்தாளிலேயே தற்கொலை பற்றிய கேள்விகள் இருந்தன, மறுபாதிக்கு இல்லை. இரண்டு நாள் கழித்து இரு பகுதியினரையும் கேட்டபோது, முன்பே கேட்கப்பட்டவர்களிடம் மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ கூடியிருக்கவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்கும், முன்பு முயற்சி செய்தவர்களுக்கும் கேட்டதால் எந்தக் கெடுதலும் வரவில்லை.

சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: “சாகணும்னு தோணுதா?” ‘தப்பா எதுவும் நினைக்கலையே?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்ற பதிலை நாமே வாயில் ஊட்டிவிடுகிறோம். ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் புத்தி சொல்ல ஆரம்பிக்காதீர்கள். எப்போதிலிருந்து, எவ்வளவு அடிக்கடி, இன்று எப்படி என்று கேளுங்கள். தனியாக விடாமல் கூடவே இருந்து, அன்றே மனநல மருத்துவரிடமோ அவசர சிகிச்சைப் பிரிவிலோ கொண்டுபோய்ச் சேருங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுக்கிறாள். மருத்துவமனையில் ஓர் ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். எந்தச் சிகிச்சை என்பது குலுக்கல் முறையில் முடிவாகுமாம். என் பிள்ளையை வைத்துச் சோதனை செய்வது போல இருக்கிறது. சம்மதிக்கலாமா?

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது. குலுக்கல் எதற்கு என்பதை முதலில் பார்ப்போம். 2004இல் வெளியான டாட்ஸ் என்ற ஆய்வில் 12 முதல் 17 வயது வரையான 439 பேர் சேர்ந்தார்கள். மாத்திரை மட்டும், பேச்சு வழிச் சிகிச்சை மட்டும், இரண்டும் சேர்த்து, மருந்தில்லாத வெற்று மாத்திரை என்று குலுக்கல் முறையில் நான்கு பிரிவு. 12 வாரத்தில் நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் இரண்டும் சேர்ந்த பிரிவில் 100க்கு 71 பேர், மாத்திரையில் 61 பேர், பேச்சுச் சிகிச்சையில் 43 பேர், வெற்று மாத்திரையில் 35 பேர். பேச்சுச் சிகிச்சை பயனற்றது என்று அவசரப்பட்டுவிட வேண்டாம்: 36 வாரம் ஆனபோது மூன்று சிகிச்சைப் பிரிவுகளும் 86, 81, 81 என்று நெருங்கிவிட்டன. ஒன்று சீக்கிரம் வேலை செய்கிறது, ஒன்று மெதுவாக வேலை செய்கிறது. அனுபவமுள்ள மருத்துவர்கூட தன் அறையில் உட்கார்ந்தபடி இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. 13 மையங்கள் சேர்ந்து, ஒரே முறையில் சிகிச்சை கொடுத்து, ஒரே அளவுகோலால் அளந்ததால்தான் தெரிந்தது.

அதற்காக எந்த ஆய்விலும் சேரலாம் என்று அர்த்தமில்லை. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு இவற்றைக் கேளுங்கள்: சேராவிட்டால் இப்போதைய சிகிச்சை அப்படியே தொடருமா? பாதியில் விலகினால்? குலுக்கலில் எந்தப் பிரிவு வந்தாலும் அவள் நிலை மோசமானால் யார் கவனிப்பார், எத்தனை நாளுக்கு ஒரு முறை? இரவு 11 மணிக்கு அழைக்க எண் உண்டா, அதை எடுப்பவர் யார்? அவள் சொல்வதில் எது எங்களுக்குச் சொல்லப்படும், எது சொல்லப்படாது?

கடைசிக் கேள்விக்கான பதிலை மகளும் கூட இருந்து கேட்க வேண்டும். உயிருக்கு ஆபத்து, யாராவது துன்புறுத்துவது ஆகிய இரண்டும் ரகசியமாக இருக்காது. மற்றவை இருக்கும் என்பதே பொதுவான வழக்கம். இதை முதல் நாளே தெளிவாகச் சொல்லாத ஆய்வாளரிடம் பிள்ளை மனம்விட்டுப் பேசாது.

உங்கள் கையெழுத்து அனுமதி. அவளுடைய இசைவு வேறு. நீங்கள் ‘சரி’ என்றும் அவள் ‘வேண்டாம்’ என்றும் சொன்னால், ‘வேண்டாம்’தான் செல்லுபடியாக வேண்டும். படிவத்தை வீட்டுக்கு எடுத்துவந்து, இரண்டு நாள் அவள் கையிலேயே இருக்க விடுங்கள். ‘இப்போதே கையெழுத்துப் போடுங்கள்’ என்று அவசரப்படுத்தினால், எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: இளையோர் மனநல மையம் ஒன்றில் மருத்துவராக இருக்கிறேன். ஆய்வுக் கூட்டமைப்பில் சேர்ந்ததிலிருந்து ஒவ்வொரு வருகையிலும் மூன்று கேள்வித்தாள்களை நிரப்பச் சொல்கிறோம். தாள்கள் அலமாரியில் குவிகின்றன, யாரும் பார்ப்பதில்லை. பிள்ளைகளும் சலித்துப்போய் ஒரே பத்தியில் வரிசையாக டிக் போடுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: மூன்றை ஒன்றாக்குங்கள், அந்த ஒன்றை அறைக்குள் கொண்டுபோங்கள். பிள்ளை எழுதியதை அன்றே மருத்துவர் பார்த்துப் பேசாவிட்டால், மூன்றாவது வருகையில் அது வெறும் சடங்கு என்று பிள்ளைக்குப் புரிந்துவிடும். ஒரே பத்தியில் டிக் விழுவது சலிப்பால் மட்டும் இல்லை, உங்கள் மௌனத்துக்கு அவர்கள் தரும் பதிலும் அதுதான்.

பிஎச்க்யூ-9க்கு மூன்று நிமிடம் போதும். ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பெரியவர்களுக்கு மனச்சோர்வின் கடுமை 5, 10, 15, 20 என்று படிகள். 13 முதல் 17 வயதினரிடம் நடந்து 2010இல் வெளியான ஆய்வு, மனச்சோர்வைக் கண்டறிய 11ஐப் பொருத்தமான எல்லையாகக் கண்டது. ஒரு வருகைக்கும் அடுத்ததற்கும் ஒன்றிரண்டு புள்ளி ஏறி இறங்குவதைப் பொருட்படுத்தாதீர்கள். 5 புள்ளி மாறினால்தான் அது மாற்றம். காத்திருக்கும் இடத்தில் நிரப்பச் சொல்லுங்கள். பார்த்து முடித்துக் கிளம்பும்போது கொடுத்தால் அந்தத் தாளால் அன்றைய பேச்சுக்கு ஒரு பயனும் இல்லை.

கூட்டுத்தொகையை மட்டும் பார்க்கிற பழக்கம் ஆபத்தானது. போன முறை 17, இந்த முறை 12 என்றால் மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் தூக்கம், பசி, கவனம் ஆகிய மூன்றும் தேறியிருக்க, ஒன்பதாவது வரி மட்டும் 0இலிருந்து 2க்கு ஏறியிருக்கலாம். கூட்டலுக்கு முன் ஒன்பதாவது வரியைப் பாருங்கள். அடுத்து, மதிப்பெண்களைப் புள்ளி வைத்துக் கோட்டுப்படமாக்கி, பிள்ளையின் பக்கம் திருப்பிவையுங்கள். ‘இந்த இடத்தில் ஏறியிருக்கே, அந்த வாரம் என்ன நடந்தது?’ என்ற ஒரு கேள்வி போதும். தன் நோயைப் பற்றிப் பேசத் தெரியாத பிள்ளைகள் அந்தக் கோட்டைப் பற்றிப் பேசுவார்கள்.

அறிகுறிப் பட்டியலோடு பிள்ளையின் சொந்தச் சொல்லுக்கும் இடம் கொடுங்கள். தன்னை அதிகம் வாட்டும் மூன்று பிரச்சினைகளைப் பிள்ளையே தன் வார்த்தையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் போடும் முறை ஒன்று உண்டு. டெல்லி அரசுப் பள்ளிகளில் 250 மாணவர்களிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், மனநலத் தொழில்முறைப் படிப்பு இல்லாத பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் பிரச்சினை தீர்க்கும் முறையைக் கற்றுத் தந்தார்கள். ஆறு வாரத்தில், பிள்ளைகளின் மனநலச் சிக்கல்களை அளக்கும் எஸ்டிக்யூ என்ற 25 கேள்விப் படிவத்தில் ஒப்பீட்டுப் பிரிவோடு தெளிவான வேறுபாடு தெரியவில்லை. மாணவர்கள் தாங்களே எழுதிய பிரச்சினைகளின் மதிப்பெண் குறைந்திருந்தது. படிவத்தை மட்டும் வைத்திருந்தால் ‘பலனில்லை’ என்று மூடியிருப்பார்கள்.

எந்த ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்பதைக் கூட்டமைப்பின் எல்லா மையங்களும் சேர்ந்து முடிவெடுங்கள். ஆளுக்கொரு அளவுகோல் வைத்திருந்தால், பத்து மையங்களின் தரவும் ஒன்றாகச் சேராது.

கேள்வி: ஆய்வு மாணவன் நான். பிஎச்க்யூ-9ஐத் தமிழில் மொழிபெயர்த்து, இன்னொருவரைக் கொண்டு திரும்ப ஆங்கிலத்தில் பெயர்த்துச் சரிபார்த்துவிட்டேன். இது போதுமா?

பதில்: போதாது. முதலில், ஏற்கெனவே தமிழ் வடிவம் இருக்கிறதா என்று தேடுங்கள். இருக்கும்போது புதிதாக ஒன்றைச் செய்தால், மற்றவர்களின் தரவோடு உங்கள் தரவு ஒப்பிட முடியாமல் போகும். எஸ்டிக்யூ போன்றவற்றை அனுமதி இல்லாமல் மொழிபெயர்க்கவே கூடாது.

திரும்பப் பெயர்ப்பதால் சொல் சரியா என்பது தெரியும். பிள்ளை என்ன புரிந்துகொண்டது என்பது தெரியாது. விடைக் கட்டங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். மூலத்தில் இரண்டாம் கட்டம் ‘சில நாட்கள்’ என்ற அளவைக் குறிக்கிறது. மூன்றாவது ‘பாதிக்கு மேற்பட்ட நாட்கள்’. இரண்டாவதைப் ‘பல நாட்கள்’ என்று பெயர்த்தால், படிக்கிற பிள்ளைக்குப் ‘பல’ என்பது பாதியைவிடப் பெரிதாகத் தோன்றும். 1க்கும் 2க்கும் இடையே மதிப்பெண் குழம்பிவிடும். ஆறாவது கேள்வியில் ‘தோற்றுப்போனவன்’ என்று எழுதினால், மாணவர் பரீட்சையில் தோற்றதைத்தான் நினைப்பார். நான்காவதில் ‘சோர்வு’ உடலைக் குறிக்கிறது. ‘மனச்சோர்வு’ என்ற தலைப்பைப் பார்த்தவுடன் அதையும் மனத்தோடு சேர்த்துவிடுவார்கள். தூக்கம் குறைவது ‘அல்லது’ கூடுவது, பசி குறைவது ‘அல்லது’ கூடுவது என்று இருபக்கமும் கேட்கும் வரிகளில், அதிகம் தூங்குகிற பிள்ளை முதல் பாதியை மட்டும் படித்து 0 போட்டுவிடும்.

வெவ்வேறு வயது, படிப்பு, வட்டார வழக்கு உள்ள எட்டுப் பத்து இளையோரை ஒவ்வொருவராக உட்கார வையுங்கள். ஒவ்வொரு கேள்வியையும் உரக்கப் படிக்கச் சொல்லி, “இது உன்கிட்ட என்ன கேக்குது? உன் வார்த்தையில சொல்லு” என்று கேளுங்கள், ஏன் இந்தக் கட்டத்தில் டிக் போட்டார் என்றும் கேளுங்கள். இரண்டு பேர் தடுமாறிய வரியைத் திருத்தி, புதிதாக நான்கைந்து பேரிடம் மறுபடி படிக்கக் கொடுங்கள். பிறகுதான் பெரிய எண்ணிக்கைக்குப் போகலாம்.

கேள்வி: எனக்கு 20 வயது. முன்பு பதற்றநோய்க்குச் சிகிச்சை எடுத்தேன். ஓர் ஆய்வுத் திட்டத்தின் இளையோர் ஆலோசனைக் குழுவில் சேர அழைத்திருக்கிறார்கள். உண்மையிலேயே என் பேச்சைக் கேட்பார்களா, படத்துக்கு நிற்கவைப்பார்களா?

பதில்: ஒரு கேள்வியிலேயே கண்டுபிடித்துவிடலாம்: “ஆய்வுக் கேள்வி முடிவாகிவிட்டதா?” எல்லாம் முடிந்து, சுவரொட்டியின் நிறத்தைப் பற்றி மட்டும் உங்கள் கருத்து வேண்டுமென்றால், அது படத்துக்குத்தான். ரோஜர் ஹார்ட் என்பவர் 1992இல் யுனிசெஃபுக்காக எழுதியபோது இளையோர் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்தார். கீழ் மூன்று படிகளை, அதாவது சூழ்ச்சிக்குப் பயன்படுத்துதல், அலங்காரம், பெயரளவு இடம் ஆகியவற்றை, பங்கேற்பே இல்லை என்று ஒதுக்கினார். அழைப்பு எந்தப் படியிலிருந்து வருகிறது என்று பாருங்கள்.

சேருவதற்கு முன் சிலவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கூட்டத்துக்குக் குறைந்தது இரண்டு மூன்று இளையோர் இருக்க வேண்டும். பதினைந்து நிபுணர்களுக்கு நடுவே ஒற்றை ஆளாக உட்கார்ந்தால் வாய் திறக்க வராது. படிக்க வேண்டிய தாள்கள் ஒரு வாரம் முன்பே வர வேண்டும். வேலைக்குத் தொகை, பயணச் செலவு இரண்டும் தர வேண்டும். மற்றவர்கள் சம்பளத்தில் உட்கார்ந்திருக்கும் மேசையில் நீங்கள் மட்டும் இலவசமாக உட்காருவது நியாயமில்லை. கல்லூரி நேரத்தில் கூட்டம் வைக்கக் கூடாது. கூட்டம் மனத்தைக் கலைத்தால் அன்றே பேச ஒரு ஆள் வேண்டும். நீங்கள் சொன்னவற்றில் எது ஏற்கப்பட்டது, எது ஏற்கப்படவில்லை, ஏன் என்று அடுத்த கூட்டத்தில் வாசிக்க வேண்டும். இந்தக் கடைசி வழக்கம் இருக்கிற குழுக்களில்தான் இளையோர் கடைசிவரை நிற்கிறார்கள்.

உங்கள் நோய்க்கதையைச் சொல்ல வேண்டிய கட்டாயம் எங்கேயும் இல்லை. ‘முதல் சந்திப்புக்கு இரண்டு மாதம் காத்திருக்க வைத்தால் பாதிப் பேர் வரமாட்டார்கள்’ என்று சொல்ல உங்களுக்கு எல்லாத் தகுதியும் இருக்கிறது. அதற்குச் சான்றாக உங்கள் வாழ்க்கையைத் திறந்து காட்ட வேண்டாம். ஒரு முறை மேடையில் சொன்னது இணையத்தில் நிரந்தரமாக நின்றுவிடும். 20 வயதில் சரியாகத் தோன்றுவது 27இல் வேறாகத் தோன்றலாம்.

கேள்வி: என் மகனுக்கு அடுத்த மாதம் 18 முடிகிறது. இத்தனை நாள் பார்த்த குழந்தைகள் மனநலப் பிரிவு, இனி பெரியவர்கள் பிரிவுக்குப் போகச் சொல்கிறது. ஒரு கடிதம் தந்தார்கள், அவ்வளவுதான். வேறு என்ன கேட்க வேண்டும்?

பதில்: இந்த இடத்தில்தான் பிள்ளைகள் அதிகம் காணாமல் போகிறார்கள். இங்கிலாந்தில் நடந்து 2010இல் வெளியான ட்ராக் ஆய்வு, இப்படி எல்லை வயதைத் தொட்ட 154 பேரைப் பின்தொடர்ந்தது. 90 பேர் பெரியவர்கள் பிரிவுக்கு மாறினார்கள். அவர்களில் முறையாக மாற்றப்பட்டவர்கள் 100க்கு 5 பேர்கூட இல்லை. முறையான மாற்றம் என்பதற்கு அவர்கள் வைத்த நான்கு அளவுகோல்களையே நீங்கள் கேட்டு வாங்க வேண்டும்: மருத்துவக் குறிப்புகள் முழுமையாகப் போய்ச் சேர வேண்டும், இரு பிரிவினரும் பிள்ளையோடு ஒரு முறையாவது சேர்ந்து உட்கார வேண்டும், கொஞ்ச காலம் இரண்டு பிரிவும் சேர்ந்து பார்க்க வேண்டும், மாறிய பிறகும் சிகிச்சை விடாமல் தொடர வேண்டும்.

மனநோய்கள் பெரும்பாலும் 25 வயதுக்குள் தலைகாட்டுகின்றன. அப்படியிருக்க, சரியாக நடுவில், 18இல் கோடு போட்டிருப்பது நிர்வாக வசதிக்காகத்தான். ஆஸ்திரேலியாவில் 2006இல் தொடங்கிய ஹெட்ஸ்பேஸ் மையங்கள் 12 முதல் 25 வயது வரை ஒரே கூரையின் கீழ் பார்ப்பது இதனால்தான்.

உங்களிடம் ஒரு மாதம்தான் இருக்கிறது. இந்த வாரமே பழைய மருத்துவரிடம் போய், புதிய பிரிவின் முதல் சந்திப்புக்குத் தேதி வாங்காமல் கோப்பை மூட வேண்டாம் என்று கேளுங்கள். மருந்தின் பெயர், அளவு, எந்த மருந்து ஏன் நிறுத்தப்பட்டது, ஆபத்து வந்தால் முதலில் தெரியும் அறிகுறி, பிள்ளைக்கு எது உதவியது என்று ஒரே பக்கத்தில் எழுதி வாங்குங்கள். மகனும் படித்துப் பார்த்துத் திருத்தட்டும். நகல் அவன் கைபேசியில் இருக்கட்டும். முதல் சந்திப்புவரை மருந்து தீராமல் இருக்குமா என்று மாத்திரையை எண்ணிப் பாருங்கள். கடிதம் எல்லாம் சரியாக இருந்தும், நடுவில் பத்து நாள் மாத்திரை இல்லாமல் போவது அடிக்கடி நடக்கிறது. 18 ஆனபின் மருத்துவர் உங்களிடம் பேச அவனுடைய அனுமதி வேண்டியிருக்கும். யாரிடம் எதைச் சொல்லலாம் என்பதை அவனே எழுதிக் கையெழுத்திட்டு, அந்த ஒரு பக்கத்தோடு சேர்த்து வைக்கட்டும்.